சகபாடிகளின் வீடியோச் செயற்றிட்டத்துக்குப் புள்ளியிடும்போது நாங்கள் பார்ப்பவை

ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஒருவர் பருத்தித்துறையில், இன்னொருவர் கிளிநொச்சியில் இருந்துகொண்டு, தாங்கள் செய்த கருவியொன்றை விளக்கும் ஐந்து நிமிட வீடியோ ஒன்றைச் செய்தால், பிழை பெரும்பாலும் துண்டுகள் சேரும் இடத்தில்தான் வரும். குரல் மாறும் இடம், காட்சி வெட்டப்பட்ட இடம், எழுத்து உடைந்த இடம் எல்லாம் அந்தக் குழு எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். சகபாடிகளுக்குப் புள்ளியிடும்போதும், எங்கள் குழுவைப் பற்றி மீள்சிந்தனைக் குறிப்பு எழுதும்போதும் நாங்கள் முதலில் போவது அந்த இடங்களுக்கே.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். முடிந்த கையோடு, இந்தக் கருவி என்ன செய்கிறது, யாருக்காக என்று இரண்டு வசனம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அதுவே உங்கள் முதல் கருத்து. இரண்டாம் தடவை நிமிடம், வினாடி குறித்தபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு திரையை மூடிவிட்டு ஹெட்போனில் ஒலியை மட்டும் கேட்டால், படம் மறைத்து வைத்திருந்த குறைகள் வெளியே வரும்.

உள்ளடக்கத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் மண் ஈரம் பார்த்துத் தானாக மோட்டர் போடும் கருவியை எடுத்துக்கொள்வோம். உணரி காய்ந்த மண்ணில் என்ன எண் காட்டுகிறது, நனைந்த மண்ணில் என்ன எண் காட்டுகிறது என்று இரண்டையும் திரையில் காட்ட வேண்டும். கருவியை இயக்கும் சிறு பலகை ஆர்டுயினோ ஊனோ என்றால் அந்த எண் 0 முதல் 1023 வரை. இஎஸ்பி32 என்றால் 0 முதல் 4095 வரை. ஊனோவை வைத்துக்கொண்டு 2800 என்று சொல்லும் வீடியோவில், வேறு யாரோ எடுத்த அளவீடு ஒட்டப்பட்டிருக்கலாம்.

இணைப்பையும் நிறுத்திப் பாருங்கள். இஎஸ்பி32இல் வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசி அலகின் (உணரியின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) இணைப்புக் கால்களில் அனலொக் அளவீடு எடுக்க முடியாது. உணரியை அந்த அலகைச் சேர்ந்த 25ஆம் காலில் செருகிவிட்டு, அளவீடு வைஃபை வழியாகக் கைபேசிக்கு நேரடியாக வருகிறது என்று சொன்னால் விளக்கம் கேட்க வேண்டும். முதலாவது அலகைச் சேர்ந்த 34ஆம் கால் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு உலோகக் கம்பியுள்ள மலிவு உணரிக்கு எந்நேரமும் மின் கொடுத்தால் மின்பகுப்பால் கம்பி அரித்துப்போகும். அளவெடுக்கும் கணத்தில் மட்டும் மின் கொடுக்கிறோம் என்று ஒரு வரி சொல்லும் குழு வேலை தெரிந்த குழு.

தண்ணீர் ஊற்றும் காட்சிக்கும் மோட்டர் நிற்கும் காட்சிக்கும் இடையில் வெட்டு இருந்தால், அந்தச் செய்முறைக்கு முழுப் புள்ளி கொடுக்காதீர்கள். வெட்டாத 20 வினாடிக் காட்சி ஒன்று போதும். கரண்ட் நின்று திரும்பி வரும்போது கருவி என்ன செய்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள். தொடங்கும் கணத்தில் ரிலே (மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின் ஆளி) தற்செயலாகத் துடித்தால் மோட்டர் வீணாக ஓடும். எங்கள் ஊர்த் தோட்டத்தில் வைக்கும் கருவிக்கு இதைக் கேட்காமல் விடக் கூடாது.

ஒலியில் இரண்டு விதமான குறை வரும். ஒன்று, ஆளுக்கு ஆள் சத்தம் கூடிக் குறைவது. யூரியூப் தன் அளவை விடக் கூடிய சத்தத்தைக் குறைக்கும். குறைந்ததைக் கூட்டித் தராது. ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்த அளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். மற்றது, போகப் போக உதடும் குரலும் விலகுவது. கைபேசி பல நேரம் மாறும் பிரேம் வேகத்தில் (வினாடிக்கு எத்தனை படம் என்பது கூடிக் குறைந்தபடி) பதிவு செய்யும். எடிற் செய்யும் மென்பொருள் நிலையான வேகத்தை எதிர்பார்க்கும். ஹான்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30 பிரேமுக்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்கினால் அது வராது.

சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். மின்விசிறியை நிறுத்தி, தடித்த போர்வையொன்றைப் பின்னால் தொங்கவிட்டு, ஒலிவாங்கியை வாயிலிருந்து 15, 20 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் திருவிழா 25 நாள். ஒப்படைக்கும் திகதி அதற்குள் விழுந்தால், திருவிழாச் சத்தம் பதிவில் விழாதபடி அயலில் இருப்பவர்கள் குரல்பதிவை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து இன்னொரு சேர்விடம். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத மற்றவரின் கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தொடக்கத்திலேயே எல்லோரும் யூனிகோட் என்று முடிவெடுத்துவிட வேண்டும். பிரிமியர் என்ற எடிற் மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். வசன வரியில் 'கொ' உடைந்து கிடந்தால், இறுதிப் பிரதியை ஒருவர்தான் பார்த்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

கருத்து எழுதும்போது "நல்லா இருக்கு மச்சான்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "2:14இல் மோட்டர் ஓடத் தொடங்க முன் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டாத காட்சியைப் போட்டால் தாமதம் எவ்வளவு என்று தெரியும்" என்று எழுதினால் அவர்கள் அன்றைக்கே திருத்தலாம். மூடில் கற்றல் தளத்தின் வேர்க்‌ஷொப் பகுதியில் மதிப்பிடுபவருக்கும் புள்ளி உண்டு; இயல்பான அமைப்பில் படைப்புக்கு 80, மதிப்பீட்டுக்கு 20. ஒரே படைப்பைப் பார்த்த எல்லோருடைய மதிப்பீடுகளின் சராசரிக்கும் மிகக் கிட்டியதை அது சிறந்ததாக எடுத்து, மற்றவற்றை அதிலிருந்து விலகிய தூரத்தை வைத்து அளக்கும். சிநேகிதருக்கு அள்ளிக் கொடுத்தால் உங்கள் 20இல் குறையும். எல்லோரையும் விடக் கடுமையாகப் போட்டாலும் அப்படித்தான். அதனால், மற்றவர்கள் காணாத குறையைக் கண்டவர் காரணத்தைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

கோப்பு அனுப்புவதில்தான் தொலைதூரக் குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. வினாடிக்கு 8 மெகாபிற் வீதம் ஏற்றுமதி செய்த வீடியோ நிமிடத்துக்கு 60 மெகாபைற்று; ஐந்து நிமிடத்துக்கு 300. கைபேசியின் மூலப்பதிவு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டுவது சாதாரணம். கூகுள் ட்ரைவின் இலவச 15 கிகாபைற்றில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் 2 கிகாபைற்று வரை அப்படியே போகும். மூலப்பதிவு எடிற் செய்பவரிடம் மட்டும் போகட்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்ல 480பி பிரதி போதும். கிளிநொச்சியிலிருந்து யாராவது பஸ்ஸில் வந்தால் பென்ட்ரைவைக் கொடுத்துவிடுவது டேட்டாவை விட மலிவு.

மீள்சிந்தனைக் குறிப்பில் "நன்றாக ஒத்துழைத்தோம்" என்று நிரப்புவதைப் பலர் செய்கிறார்கள். அதைப் படித்து ஒரு விரிவுரையாளர் எதைத்தான் மதிப்பிட முடியும்? யாருடைய துண்டுக்காக யார் காத்திருந்தார், அதனால் எந்தக் காட்சி கைவிடப்பட்டது, எந்த முடிவு குழு அழைப்பில் எடுக்கப்பட்டது, எது வட்ஸ்அப் செய்திகளுக்குள் புதைந்து இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்ய வைத்தது என்று எழுதுங்கள். கோப்புப் பெயரில் திகதி, பெயர்ச் சுருக்கம், பதிப்பு எண் மூன்றையும் முதல் நாளிலிருந்தே போட்டு வந்தால், இவற்றை ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கோப்புறையைத் திறந்து வரிசையாகப் பார்த்தே எழுதலாம்.