அண்ணாந்து பார்த்த நாட்கள்

8 ஜனவரி 2018, திங்கள்

ஹோலங்காபார் வந்து சேர்ந்தாயிற்று. அசாமில் ஜோர்ஹாட்டுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிக் கிடக்கிற சுமார் 21 சதுர கிலோமீட்டர் காடு. இரண்டு வாரம் ஹூலக் கிப்பன்களைப் பின்தொடர்வது மட்டும்தான் வேலை. இந்தியாவில் வாலில்லாக் குரங்கு என்று சொல்ல இந்த ஹூலக்கை விட்டால் வேறு கிடையாது. கிப்பனுக்கு நீந்தத் தெரியாது, அதனால் பெரிய ஆறு வந்தால் அதன் உலகம் அங்கேயே முடிந்துவிடும். பிரம்மபுத்திராவின் இந்தத் தென்கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் இல்லை.

என்னோடு வரும் பெரியவர் இருபது வருடமாக இந்தக் குடும்பங்களுக்குக் கீழே நடக்கிறவர். 'ஹொலௌ' என்றுதான் சொல்கிறார். கத்துவதையே பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை இந்தி. போதும்.

இன்று பார்த்தது: உயரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதுவும் பன்றிவால் குரங்கோ என்னவோ.

9 ஜனவரி, செவ்வாய்

பாட்டு கேட்டேன். விடியற்காலையிலேயே பாடும் என்று நினைத்து ஐந்தரைக்கே போய் நடுங்கிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். பனி விலகி, உச்சிக் கிளைகளில் வெயில் பட்டு, எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒன்று மட்டும் 'ஹூ' என்று இழுத்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. அப்புறம் இரண்டும் மாறி மாறி, ஒன்றின் குரல் முடிகிற இடத்தைப் பிடித்து இன்னொன்று ஏறி, கடைசியில் எத்தனை பேர் கத்துகிறார்கள் என்றே தெரியாமல் காடு முழுக்க ஒரே 'ஹூக்கு ஹா'. பதினேழு நிமிடம். பிற கிப்பன் இனங்களில் ஆண் பாடுவது வேறு, பெண் பாடுவது வேறு. காதை மட்டும் வைத்துக்கொண்டே பிரித்துவிடலாம். ஹூலக்கில் இருவர் குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 'இது அம்மா, இது அப்பா' என்றார். நம்பினேன்.

ஓய்ந்த கையோடு தெற்கிலிருந்து பக்கத்துக் குடும்பம் பாட ஆரம்பித்தது. இந்த இடம் எங்களுடையது, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்கிற பாட்டு. ஒரு குடும்பத்துக்கு இருபது, முப்பது ஹெக்டேர் தேவைப்படும். அதற்கு வேலி போட முடியாது, பாடத்தான் முடியும்.

11 ஜனவரி, வியாழன்

குடும்பம் பிடிபட்டுவிட்டது. மொத்தம் ஐந்து பேர். அப்பா கன்னங்கரேல், வெள்ளைப் புருவம் இரண்டு கோடு போட்டது போல. அம்மா பழுப்பு. முதல் தடவை பார்க்கிறவர்கள் இரண்டு வேறு இனம் என்று சத்தியம் செய்வார்கள். அம்மாவின் வயிற்றில் குறுக்கே ஒட்டிக்கொண்டு ஒரு பால் வெள்ளைக் குட்டி, பிறந்து ஒரு மாதம் இருக்கலாம். மூன்று நான்கு வயதில் கறுப்பாக ஒரு வாண்டு. ஐந்தாவதுதான் என்னை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தது: பெரிய மகள். கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறாள்.

குட்டிகள் எல்லாம் வெளிறிப் பிறந்து கறுப்பாகின்றன. ஆண் அப்படியே நின்றுவிடுகிறது. பெண் மட்டும் பருவம் வரும்போது, ஆறேழு வயதுக்கு மேல், இன்னொரு முறை நிறம் மாறுகிறது. பைனாகுலரில் பார்த்தால் தொடையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு, முதுகு சாம்பல் பூசினது போல, தலை இன்னும் கறுப்பு. பாதியில் சாயம் தீர்ந்துபோன துணி மாதிரி இருந்தாள்.

12 ஜனவரி, வெள்ளி

இன்று முழுக்கக் கழிவு ஆராய்ச்சி. தூங்கின மரத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாக இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள். சரியான மரத்தின் கீழே நின்றால் ஆதாரம் கையில் கிடைக்கும், தவறான இடத்தில் நின்றால் தலையில். எனக்குத் தோளோடு போயிற்று.

சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அத்தி விதைகள், மணல் மாதிரி, எண்ணவே முடியாது. கூடவே புளியங்கொட்டை அளவில் முழுசாக ஏழு விதைகள், பல் படாமல் வழுவழுவென்று. பழத்தைச் சப்பித் துப்புகிற பழக்கம் இல்லை. விழுங்கி, அரை நாள் சுமந்து, வேறெங்கோ போடுகிறார்கள். பழுத்த அத்தி கிடைத்தால் வேறு எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இல்லாதபோது கொழுந்து, பூ, பூச்சி.

13 ஜனவரி, சனி

பாதையில் ஆவி பறக்கும் யானைச் சாணம். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். நானும். இன்று அவ்வளவுதான்.

15 ஜனவரி, திங்கள்

கைகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன். கிளையைப் பிடிப்பதில்லை, மாட்டுகிறார்கள். நான்கு விரல்களும் கொக்கியாகிவிடுகின்றன, கட்டைவிரல் எங்கோ மணிக்கட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. மணிக்கட்டில் நம் தோளில் இருப்பது போன்ற பந்துக்கிண்ண மூட்டு. அதனால் ஒரு கையில் தொங்கியபடியே உடம்பு தாராளமாகச் சுழல்கிறது. ஏழு கிலோ சுமாருக்குத்தான் எடை, கால்களைவிடக் கைகள் அவ்வளவு நீளம். ஊஞ்சல் ஒரு வீச்சில் மேலே போய் நிற்குமே, அந்த நொடியில் கையை விட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுகிறார்கள். பத்து மீட்டர் இடைவெளியெல்லாம் கணக்கே இல்லை.

பறக்கிறார்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரு வாரமாகப் பார்த்ததில், நினைத்த திசையில் எல்லாம் போவதில்லை. இந்தக் கிளை, அடுத்து அந்தக் கவை, அப்புறம் அந்தச் சாய்ந்த ஹோலங் மரம் என்று பழகிய தெருக்கள் இருக்கின்றன. பெரியவர் முன்கூட்டியே போய் அடுத்த மரத்தடியில் நின்றுகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே வந்துவிடுகிறார்கள்.

பதினொன்றரைக்கு வாண்டு பாய்ந்த கிளை முறிந்தது. காய்ந்த கிளை, சத்தம் முதலில் கேட்டது. கை கால் விரிய ஐந்தாறு மீட்டர் விழுந்து, கீழே இருந்த கொடியில் ஒரு கை மாட்டி, தொங்கி நின்றது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப இலை தின்னப் போய்விட்டார். எனக்குத்தான் படபடப்பு அடங்க நேரமாயிற்று. 1937இல் தாய்லாந்துக்குப் போன ஆய்வுக்குழுவில் இருந்த அடோல்ஃப் ஷுல்ட்ஸ், அங்கே சேகரித்த வளர்ந்த கிப்பன்களின் எலும்புக்கூடுகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் எலும்பு முறிந்து பிறகு கூடிய தடம் இருந்தது. அதாவது விழுகிறார்கள், நிறையவே விழுகிறார்கள். விழுந்து பிழைத்தவர்களின் கணக்கு மட்டும்தான் அது.

17 ஜனவரி, புதன்

இரண்டே முக்கால் மணிக்குப் படுக்கை! இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உயரமான மரமாகப் பார்த்து ஏறி, ஆளுக்கொரு கிளைக் கவட்டில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். குட்டி மட்டும் அம்மாவோடு. சிம்பன்சியும் ஒராங்குட்டானும் கிளைகளை மடக்கிக் கூடு கட்டிப் படுக்கும். கிப்பனுக்கு அந்தத் தொல்லை கிடையாது, பிட்டத்திலேயே தடித்த தோல் மெத்தை இருக்கிறது. நேற்றுத் தூங்கின மரத்துக்கு இன்று வரவில்லை.

போகிற வழியில் ஒரு காட்சி: அம்மா ஒரு மரப்பொந்தில் கையை விட்டு, ஈரமான ரோமத்தை உதட்டோடு வைத்து உறிஞ்சினாள். நான்கைந்து தடவை. தண்ணீருக்குக்கூடத் தரைக்கு இறங்குவதில்லை.

19 ஜனவரி, வெள்ளி

எல்லைத் தகராறு. ஓர் அத்தி மரத்துக்கு இருபுறமும் இரண்டு அப்பாக்கள், ஒரு மணி நேரம் துரத்தலும் கிளை உலுக்கலும். யாரும் யாரையும் தொடவில்லை. பெரிய மகள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து எதிர்க் குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிப்பன் என்றாலே ஒருத்திக்கு ஒருத்தன், உத்தம தம்பதி என்று எழுதிவிடுகிறோம். தாய்லாந்தின் காவ் யாய் காட்டில் வெள்ளைக்கைக் கிப்பன்களை வருடக்கணக்கில் பார்த்தவர்கள், பக்கத்து எல்லை ஆணோடு பெண் கூடுவதையும் ஜோடி மாறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். குடும்பம் நடத்துவது உண்மை. மற்றதெல்லாம் நாம் சூட்டிய பட்டம்.

20 ஜனவரி, சனி

கடைசி நாள். குடும்பம் ரயில் பாதைப் பக்கம் போயிற்று. 1880களில் போட்ட பாதை, காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் 150 ஹெக்டேர் அளவில் ஒரு துண்டு. அதிலும் கிப்பன்கள் இருக்கின்றன. கடப்பதற்கென்று சில வருடங்களுக்கு முன்னால் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வாரம் அந்த விரல்களைப் பார்த்த பிறகு எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

பெரிய மகள் தனியாக ஓர மரம் வரை வந்தாள். எதிர்ப்பக்கம் எங்கோ உள்ளே ஒரு குரல் பாடிக்கொண்டிருந்தது, ஒற்றைக் குரல். சரக்கு ரயில் ஒன்று போயிற்று. அது போகும் வரை கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தவள், போன பிறகு நுனிக் கிளைக்கு நடந்தாள், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. கிளை வளைந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் இருந்த கொழுந்தைப் பறித்துத் தின்றாள். திரும்பிவிட்டாள்.

பெரியவர் நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன், நேரமும் மரத்தின் எண்ணும் எனக்கும் புரிந்தன: 11.40 வந்தது, 11.52 போனது. முந்தைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். நவம்பரில் இரண்டு முறை, டிசம்பரில் ஐந்து முறை, எல்லாம் அதே எண் மரம்.