அட்டைகள் மணியடித்த ஊர்

இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து விட்பிக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிக்கரிங்கைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மொட்டை மேடு, ஆங்காங்கே செம்மறி ஆடுகள். பிறகு திடீரென்று கீழே கடல்.

விட்பி ரத்தக்காட்டேரிக் கதையால் பேர்போன ஊர். என்னோடு இறங்கிய கூட்டம் அப்படியே 199 படி ஏறி இடிந்த மடாலயத்தைப் பார்க்கப் போய்விட்டது. நான் எதிர்க்கரையில், பான்னெட் பூங்காவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். எனக்கும் ரத்தம் குடிக்கிற ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது அட்டை.

உள்ளே சுவரெல்லாம் கடல் பல்லிகளின் புதைபடிவங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து கறுத்த மனிதக் கை, திருடர்களுக்குத் துணை நிற்குமாம். அதைத் தாண்டி ஒரு மூலையில் குடைராட்டினம் போல ஒன்று நின்றது. வட்டமாகப் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். மேலே ஒரு மணி, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சுத்தியல்கள். இதுதான் புயல் சொல்லும் கருவி.

செய்தவர் இந்த ஊர் மருத்துவர் ஜார்ஜ் மெரிவெதர். (பெயரே ‘நல்ல வானிலை’ என்றால் மனுஷன் வேறென்ன செய்வார்?) அம்மைத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் மழைக்குறிகளைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். மழை வருமுன் அட்டை தன் சிறையின் உச்சிக்கு ஏறும் என்று அதில் வருகிறது. மெரிவெதர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்து வைத்தியர் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்?

அரை லிட்டர் சொச்சம் பிடிக்கும் பாட்டில். அடியில் ஒன்றரை அங்குலம் மழைநீர். அதில் ஓர் அட்டை. வாயில் ஓர் உலோகக் குழல், குழலுக்குள் ‘திமிங்கில எலும்பு’த் துண்டு ஒன்று (பெயர்தான் எலும்பு, உண்மையில் திமிங்கிலத்தின் வாயிலிருக்கும் வளையும் தகடு). காற்று மாறும்போது அட்டை மேலே ஊர்ந்து அந்தத் துண்டைத் தட்டிவிட, அதோடு கட்டிய கம்பி சுத்தியலை விடுவிக்கும். டங்! ஒரு அட்டை அடித்தால் பொருட்படுத்த வேண்டாம், ஏழெட்டு அடித்தால் படகை எடுக்காதே. பாட்டில்களை ஏன் வட்டமாக வைத்தாராம் தெரியுமா? அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும், தனிச்சிறை மாதிரி வாடக்கூடாது என்று. இங்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

1851 பிப்ரவரியில் ஊர்ச் சங்கத்தில் இதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். அதே வருஷம் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் போன கருவி, இந்தியக் கோயில் சாயலில் செய்யப்பட்டது. நானும் சுற்றிச் சுற்றி வந்தேன். கோபுரத்தையோ கலசத்தையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மூலக் கருவி இன்று இல்லை. நான் பார்த்தது 1951 பிரிட்டன் விழாவுக்காகச் செய்த நகல்.

கடலோரம் நெடுக அரசாங்கம் இதை நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. அரசாங்கம் ஃபிட்ஸ்ராயின் பக்கம் சாய்ந்தது. டார்வினைக் கப்பலில் ஏற்றிப்போன அதே ஃபிட்ஸ்ராய். காற்றழுத்தம் காட்டும் அவருடைய பாதரசக் குழாய்க்குத் தீனி வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம். நியாயமான முடிவு.

சிரித்துக்கொண்டே துறைமுகத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரு புகைப்படம்: ஹென்றி ஃப்ரீமன், மார்பில் வாழைத்தண்டுத் துண்டுகளைக் கோத்துக் கட்டியது போல, நீரில் மிதக்க வைக்கும் ஒரு கார்க் சட்டை. 1861 பிப்ரவரி 9 அன்று அடித்த புயலில், மூழ்கும் கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டே இருந்த உயிர்காப்புப் படகு கடைசியில் கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். அப்போது புதிதாக வந்திருந்த அந்தச் சட்டையை அணிந்திருந்தவர் ஃப்ரீமன் மட்டும்தான். இப்படிப்பட்ட கடலை ஜன்னலில் வைத்துக்கொண்டு வாழ்கிறவன் அட்டையிடம் மட்டுமா, யாரிடம் வேண்டுமானாலும் கேட்பான்.

சாயங்காலம், வறுத்த மீன் பொட்டலத்தைக் கடற்காக்கைகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து உதிர்ப்பதில் கெட்டிக்காரி. பாட்டில், எலும்பு, மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“சரிடா, புயல் வந்தா மணி அடிக்கும். புயல் போயிட்டா, அந்த எலும்பைத் திரும்ப யாரு எடுத்து வைப்பா?”

“டாக்டர்தாம்மா.”

“பன்னெண்டு பாட்டில்லயுமா? அவரு எப்ப வைத்தியம் பாத்தாரு?”