சாடி மாற்றிய பிறகு மஞ்சளான கறிவேப்பிலை

2024 மார்ச் 3, ஞாயிறு

இன்று கறிவேப்பிலைக்குச் சாடி மாற்றினேன். நான்கு வருஷத்துக்கு முன் மாமி தன் மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றொன்றைப் பிடுங்கித் தந்தது, ஸ்காபரோவில் எங்கள் வரவேற்பறை ஜன்னலோரம்தான் அதன் வீடு. இரண்டரை அடி உயரம், 14 நெட்டு இலை (ஒரு ஈர்க்கும் அதன் இரு பக்க இலைகளும் சேர்ந்தது ஒரு நெட்டு). ஊரிலிருந்து மண்ணோடு எதையும் கனடாவுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் இங்கே வளர்ந்த கன்று கையில் கிடைப்பதே பெரிய விஷயம். 6 அங்குலச் சாடியின் அடித்துளைகளால் வேர் வெளியே வந்துவிட்டது. திரும்பத் திரும்ப மாற்றத் தேவையில்லை என்று நினைத்து 14 அங்குலச் சாடியாகவே வாங்கிவிட்டேன். வீட்டில் மிச்சமிருந்த தோட்ட மண்மூட்டையை அதில் நிரப்பி, சுற்றிக் கிடந்த வேரைக் கொஞ்சம் கிழித்து விரித்து வைத்து, அடியால் ஒழுகும்வரை தண்ணீர் விட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்ட நாள். அடியில் இருக்கும் நான்கு நெட்டு மஞ்சள். கை பட்டாலே இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, வெறும் ஈர்க்கு மட்டும் தண்டில் நிற்கிறது. மேல்மண்ணைத் தொட்டேன், காய்ந்திருந்தது, தண்ணீர் விட்டேன். சாடி மாற்றிய அதிர்ச்சி, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மார்ச் 14, வியாழன்

ஆறு நெட்டு. நுனி இலைகளும் தொய்ந்து தொங்குகின்றன. பசியாக இருக்கும் என்று நினைத்து நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 20-20-20 உரத்தைப் பெட்டியில் சொன்ன முழு அளவுக்குக் கரைத்து ஊற்றினேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும், இதே நிலையில் இருக்கும் யாராவது வாசித்தால் உரப் பக்கம் கை போகாமல் நிற்கட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

இலை ஓரங்கள் கருகத் தொடங்கிவிட்டன. மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தேங்கிய வாய்க்கால் மணம். ஒரு நீள மூங்கில் குச்சியைச் சாடிக்குள் செருகி ஐந்து நிமிஷம் விட்டு எடுத்தேன். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த குச்சி, அதற்குக் கீழே முழுக்கச் சேறு.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 அங்குலத்திலிருந்து 14 அங்குலம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் மண்ணின் அளவு பத்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அவ்வளவு மண் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் குடிக்கப் பழைய சாடி அளவு வேர்தான் இருக்கிறது, அதிலும் கொஞ்சத்தை நான் கிழித்துவிட்டேன். தண்ணீர் நின்ற இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் வேர் அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் இலை தாகத்தில் வாடுவது போலவே வாடும், அதைப் பார்த்து நாங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். இலை தொய்ந்திருந்தால் முதலில் சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் அது தாகம் இல்லை.

மார்ச் 23, சனி

ஒரு வாரம் தண்ணீரே விடவில்லை, உதிர்வது நிற்கவுமில்லை. இன்று குளியலறையில் பழைய பத்திரிகையை விரித்துச் செடியை வெளியே எடுத்தேன். கை நடுங்கியது. நாலு வருஷச் செடி.

சுற்றியிருந்த தோட்ட மண் களி போல இறுகிக் கிடந்தது, ஆனால் நடுவில் பழைய சாடியிலிருந்து வந்த வேர்க்கட்டியின் உள்பகுதி எலும்பாகக் காய்ந்திருந்தது. பழைய கலவையில் பீற் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) அதிகம். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றுவதெல்லாம் ஓரத்தால் வழிந்துவிடும். ஒரே சாடியில் வெளிவேர் அழுகிக்கொண்டும் உள்வேர் காய்ந்துகொண்டும் இருந்திருக்கிறது!

நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சும். கத்தரிக்கோலை ஸ்பிரிற்றால் துடைத்து, கெட்டதை எல்லாம் வெட்டினேன், மூன்றில் ஒரு பங்காவது போயிருக்கும். காய்ந்த கட்டியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து வடிய விட்டேன். புதுச் சாடி 8 அங்குலம்தான். சாடிகளுக்கென்றே விற்கும் கலவை இரண்டு பங்கு, பேர்லைற் (காற்றோட்டத்துக்குப் போடும் பொரி போன்ற வெள்ளைக் கல்) ஒரு பங்கு, ஒரு பிடி மரப்பட்டைத் துண்டு. உரம் கிடையாது. மேலே வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு, நான் வெட்டவில்லை, மிஞ்சியிருக்கும் ஐந்து நெட்டும்தான் வேரைத் திரும்ப வளர்க்கச் சாப்பாடு செய்ய வேண்டும்.

இடத்தையும் மாற்றினேன். முன்பு நின்ற இடத்துக்கு நேர் கீழே ஹீற்றரின் சூடான காற்று வரும், பக்கத்தில் இரவு முழுக்கக் குளிரும் கண்ணாடி. இப்போது இரண்டடி தள்ளி ஒரு பலகையின் மேல் நிற்கிறது, மேலே ஒரு எல்ஈடி லைற்.

ஏப்ரல் 8, திங்கள்

கிரகணம். நயாகராப் பக்கம் முழுதாக மறைத்தது, ரொறன்ரோவில் முகில், அறை மட்டும் இருண்டு திரும்ப வெளித்தது. செடியில் 16 நாளாக ஒரு இலையும் புதிதாக மஞ்சளாகவில்லை. இரண்டே தரம்தான் தண்ணீர் விட்டேன், சாடியைத் தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்த பிறகு மட்டும். நுனியில் கடுகளவு இரண்டு முளை. மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்புச் சமையலில் செடியைக் கவனிக்கவில்லை, இன்று பார்த்தால் முளைகள் விரிந்து குட்டி இலைகள், அவையும் மஞ்சள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் இது வேறு மஞ்சள். போன மாதம் அடியிலிருந்த பழைய இலை முழுசாக வெளிறியது. இப்போது புது இலை, நரம்பு பச்சை, இடைவெளி மட்டும் மஞ்சள். நைதரசனோ மக்னீசியமோ குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலை முதலில் வெளிறும். இரும்பை அப்படி எடுத்து மாற்ற முடியாது, குறைந்தால் குருத்தில்தான் தெரியும். எலுமிச்சை, தோடை எல்லாம் கறிவேப்பிலையின் குடும்பம்தான், அவற்றுக்கும் இந்த நோய் வரும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தன்மை ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாமல் போகும். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது, கொஞ்சம் காரமானது, நாலு வருஷமாக அதையே குடித்த வேர்க்கட்டி. சாடியிலிருந்து வடிந்த தண்ணீரைச் சோதனைப் பட்டியால் சோதித்தேன், பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 நடு, அதற்கு மேல் காரம்) 7.5க்கு மேல். 6க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. காயப்பட்ட வேரும் குளிர்ந்த மண்ணும் இதை இன்னும் மோசமாக்கும்.

மாமிக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, புளிச்ச மோரைக் கரைச்சு ஊத்திப் பார், ஊரில நாங்கள் அதுதானே செய்யிறது" என்றா. முற்றத்து மரத்துக்கு அது சரிதான், வீட்டுக்குள் இருக்கும் சாடிக்கு ஊற்றினால் மணமும் ஈயும்தான் மிஞ்சும் என்று தோன்றியது. துருப்பிடித்த ஆணியைப் புதைக்கவும் ஒரு சிநேகிதி சொன்னா. காரமண்ணில் துரு கரையாது, அதனால் அதையும் விட்டேன்.

கடைசியில் கீலேற் இரும்பு வாங்கினேன், காரமண்ணில் முடங்கிப் போகாதபடி வேறொரு பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு அது. வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஈடிடிஏ (EDTA) வகை பிஎச் 6.5க்கு மேல் போனால் பிடி விட்டுவிடும், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை காரமண்ணிலும் நிற்கும், விலை கூட. அதைக் கரைத்தால் கருஞ்சிவப்பாக இருக்கும், நிலத்தில் சிந்தினால் கறை போகாது. சொன்ன அளவில் பாதி கொடுத்தேன்.

மே 5, ஞாயிறு

நரம்போரத்திலிருந்து பச்சை பரவி இலை முழுக்க வந்துவிட்டது. பழைய நெட்டுகளில் பாதி மஞ்சளாக இருந்த இலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, அவை திரும்பாது. ஈக்கள் ஒட்டும் மஞ்சள் அட்டையாலும் மேல்மண் காய்ந்ததாலும் போய்விட்டன.

மே 20, திங்கள்

விக்ரோரியா தினம். இரவு 10 பாகைக்குக் கீழே போகாது என்று பார்த்துவிட்டு வெளியே வைத்தேன், முதலில் நிழலில் ஒரு மணி நேரம் மட்டும். நேரே வெயிலில் வைத்தால் உள்ளே வளர்ந்த இலை வெந்துவிடும். மழைத்தண்ணீர் பிடிக்க வாளியும் வைத்தாயிற்று.

ஜூன் 2, ஞாயிறு

ஒன்பது நெட்டு. உரம் கால் அளவில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அடுத்த சாடி 10 அங்குலம், அதுவும் அடுத்த மே மாதம்தான்.

இன்று சொதிக்கு ஒரு நெட்டுக் கிள்ளினேன். ஈர்க்கோடு பிடுங்காமல் நுனியில் கிள்ளினால் பக்கக்கிளை வரும், அதனால் நுனிதான் எடுத்தேன். கையில் இன்னும் மணக்கிறது.