கடைசி வீட்டைத் தாண்டினால்தான் வணக்கம்

பழுப்பு நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டச் சரிவில் எதிரே வருவார் அந்தப் பெரியவர். மழையோ பனியோ, என்னைக் கண்டதும் "மோர்கென்" என்று, ஜெர்மன் மொழியில் காலை வணக்கத்தை, வாய் நிறையச் சொல்வார். நானும் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்லிவிட்டு ஓடுவேன். போன சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில், தயிர் அலமாரி முன்னால், அவரை நேருக்கு நேர் பார்த்தேன். சந்தோஷமாகச் சிரித்து வணக்கம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். தயிரைப் பார்த்தார். ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுருக்கென்றது. எங்கள் பாளையங்கோட்டையில் ஒருவர் இப்படிப் போனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருப்போம். இல்லையென்றால் அவர்கள் வீட்டுத் துஷ்டிக்குப் போகாமல் இருந்திருப்போம். ஆச்சி இரண்டே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்து, யாரைவிட்டுப் பேசவைப்பது என்று முடிவும் செய்துவிடுவாள். இங்கே ஒரு கதையும் கிடையாது. அவருக்கும் எனக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நான் ஓடுகிற இடத்தைச் சொன்னால்தான் இந்த வருத்தம் புரியும். தென்மேற்கு ஜெர்மனியில், பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், ஸ்ட்ரோம்பெர்க் குன்றுகளின் ஓரத்தில் மவுல்பிரான் என்று ஒரு சிற்றூர். அதன் நடுவே சிஸ்டெர்சியத் துறவிகள் என்னும் கத்தோலிக்கச் சபையினர் 1147-இல் தொடங்கிய மடம். தாகத்தோடு வந்த ஒரு கோவேறு கழுதை நின்று தண்ணீர் குடித்த இடத்தில் மடத்தைக் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. தேவாலயம் 1178-இல் அர்ச்சிக்கப்பட்டது. மதில், களஞ்சியம், உணவுக்கூடம் எல்லாம் சேர்ந்து ஒரு குட்டி ஊராக இன்றும் நிற்கிறது. 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரின் டவுன் ஹாலே மடத்தின் வெளிமுற்றத்தில்தான் இருக்கிறது. நான் ஓட்டத்தைத் தொடங்குவதும் அந்த முற்றத்திலிருந்துதான். அந்த நேரத்தில் கல்பாவிய தரையில் என் ஷூ சத்தம் மட்டும் கேட்கும்.

மதிலுக்கு வெளியே மேடு ஏறியதும் ஓர் ஏரி. துறவிகள் உண்டாக்கியது. ஆழ ஏரி என்று பெயர். கோடையில் பிள்ளைகள் அதில் குதித்து நீந்துகிறார்கள். அப்புறம் ரோஸ்வைஹர் என்று இன்னொரு குளம். அதற்கப்புறம் காடு. இந்தத் துறவிகளுக்கு மாமிசம் விலக்கு, மீன் உண்டு. மீன் வளர்க்க, ஆலை ஓட்ட, மடத்தைக் கழுவ என்று இந்தச் சின்ன ஸால்ஸாக் பள்ளத்தாக்கு முழுவதும் குளமும் கால்வாயுமாக வெட்டிவைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ மதித்ததில் இந்த நீர் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. கரைமேல் ஓடும்போது மடையையும் கால்வாயையும் தேடிக் கண் தானாகப் போகும். தாமிரபரணித் தண்ணீர் பாளையங்கால்வாயில் வந்து குளம் குளமாக மறுகால் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த நிலத்தைப் படிக்கத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ ஒரு துறவி கரைமேல் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை எனக்குப் பழக்கமானது.

மாமிச விலக்கு என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. தவக்காலத்தில் மாமிசம் கிடைத்த மவுல்பிரான் துறவி ஒருவர், அதைக் கீரையோடு கொத்தி மாவுக்குள் வைத்து மூடிவிட்டாராம். மேலே இருக்கிறவருக்குத் தெரியக்கூடாதாம். அப்படிப் பிறந்ததுதான் மவுல்டாஷன். கதை உண்மையோ இல்லையோ, நீண்ட ஓட்டம் முடிந்து சூடான ரசத்தில் மிதக்கவிட்டுச் சாப்பிடும்போது அந்தத் துறவியை நான் மனதார வாழ்த்துவேன். இங்கே ரசம் என்பது மாட்டெலும்பு வேகவைத்த சாறு. நான் வீட்டில் மிளகு ரசமே வைத்துவிடுகிறேன்.

சரி, வணக்கத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஓடும்போதெல்லாம் இதையே கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். ஊருக்குள் எதிரே வருகிறவர் நடைபாதையைப் பார்த்தபடி போகிறார். பேக்கரி வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள். கடைசி வீடு, அதன் அடுக்கிவைத்த விறகு, அதையும் தாண்டி டிராக்டர் போகிற வயல்பாதை. அங்கே கால் வைத்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. சைக்கிளில் வருகிற பையன் சொல்கிறான். கைத்தடி ஊன்றி நடக்கிற தம்பதி சொல்கிறார்கள். கொடி கத்தரித்துக்கொண்டிருக்கிற பெண் நிமிர்ந்து சொல்கிறாள். சொல்லாமல் போனால் மரியாதைக் குறைவு. எந்த வேலிக்கல்லில் இந்தச் சட்டம் தொடங்குகிறது என்றுகூட என்னால் இப்போது காட்ட முடியும். எழுதிவைக்காத எல்லைதான், ஆனாலும் யாரும் மீறுவதில்லை.

இது எனக்கு நியாயமாகப்படவில்லை, இன்றும் படவில்லை. மேட்டில் மனிதராக இருக்கிறவர் பள்ளத்தில் ஏன் அந்நியராகிவிடுகிறார்? உடன் வேலை பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். ஊருக்குள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சொல்ல முடியுமா. காட்டில் ஒருவரைத்தான் பார்க்கிறோம், அதனால் சொல்கிறோம் என்றாள். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில்தானே மனிதருக்கு முகமன் அதிகம் தேவை? அவளிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பதில் வரவில்லை.

பாளையங்கோட்டையில் அப்பாவோடு வ.உ.சி. மைதானத்துக்குப் போவேன். விடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக நான் ஓடினால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். "என்னம்மா, இன்னைக்கு எத்தன ரவுண்டு?" என்று அப்பாவின் சிநேகிதர்கள் கேட்பார்கள். "அப்பா எங்க, காணும்?" "பரீட்சை முடிஞ்சிட்டா?" "ஏட்டி, மெலிஞ்சிட்டியே, சாப்பிடுதியா இல்லியா?" ஒரு ரவுண்டை நிற்காமல் முடிக்க முடியாது. அப்போதெல்லாம் யாரும் பார்க்காத, யாரும் கேட்காத ஒரு பாதை கிடைக்காதா என்று இருக்கும். கிடைத்துவிட்டது. காட்டுக்குள் தனியாக, என்ன உடுப்பில் ஓடினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூச்சு நெஞ்சு நிறைய வருகிறது. ஆனால் "சாப்பிடுதியா இல்லியா" என்று கேட்கவும் ஆள் இல்லை.

ஒரு மழை நாளில் ஓட முடியாமல், டிக்கெட் எடுத்து மடத்துக்குள் போனேன். சுற்று மண்டபத்தை ஒட்டி ஓர் அறை, பேச்சறை. சிஸ்டெர்சியத் துறவிகள் பெரும்பாலும் மௌனம் காத்தவர்கள். அவசியமானால் கைச்சாடையில் சொல்லிக்கொள்வார்கள். வாய்விட்டுப் பேசுவதற்கென்று ஓர் இடம் தனியாக வேண்டியிருந்தது, அதுதான் இந்த அறை. அதேபோல் குளிர் காய ஓர் அறை. கீழே தீ மூட்டினால் தரையிலுள்ள துளைகள் வழியே சூடு மேலே வரும். இத்தனை பெரிய கல்மடத்தில் பேச ஓர் அறை, கதகதப்புக்கு ஓர் அறை! அந்தப் பேச்சறையில் வெகுநேரம் நின்றேன். இந்த ஊர்க்காரர்களுக்கு வயல்பாதைதான் பேச்சறை என்று தோன்றியது. துறவிகள் போய் நானூற்றுச் சொச்சம் வருஷம் ஆகிவிட்டது; அவர்களிடமிருந்து வந்த பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பேச ஓர் இடம், பேசாமலிருக்க ஓர் இடம் என்று பிரித்து வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதை அங்கே நின்றபோதுதான் என் மனது ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதே தவிர, பிடித்துவிடவில்லை.

ஓட வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று உண்ணி. இந்த மாநிலத்தில் உண்ணிக் கடியால் மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், உயரமான புல்லுக்குள் போனால் வீட்டுக்கு வந்து முழங்காலுக்குப் பின்புறம் பாருங்கள். இன்னொன்று டிசம்பர். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். நெற்றி விளக்கு இல்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம்.

தட்டையான பாதை வேண்டுமென்றால் மேற்குப் பக்கம் ஆல்கிஸ்டன் ஏரிக்குப் போகலாம். அதுவும் துறவிகளுடையது, இன்று பறவைகளின் சரணாலயம். நாணல் ஓரமாக ஓடும்போது வேகத்தை மறந்துவிடுவேன். மேடும் காடும் வேண்டுமென்றால் எப்பிங்கன் அரண் வழி. 1695 முதல் 1697 வரை, பிரெஞ்சுப் படையைத் தடுக்க பாடன் சிற்றரசர் லுட்விக் வில்ஹெல்ம் வெட்டுவித்த அகழியும் மண்மேடும். குடியானவர்களை வேலைக்குப் பிடித்துவந்து வெட்டியது. பீச் மரங்களுக்கு நடுவே அந்தப் பள்ளம் இன்னும் தெரிகிறது. ஏப்ரலில் அங்கே காட்டுப்பூண்டு தரையை மூடி வளர்ந்திருக்கும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காடு போய்விடும், வெள்ளைப்பூண்டு தட்டிப்போட்டு ஆச்சி குழம்பு தாளிக்கிற அடுக்களை வந்துவிடும். செப்டம்பரில் ஆப்பிளும் பேரிக்காயும் பாதை முழுக்க விழுந்துகிடக்கும். சில மரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஓடுவதை நிறுத்திவிட்டு மடி நிறையப் பறித்திருக்கிறேன். வணக்கம் சொல்லத் தயங்குகிற ஊர் மரத்தைக் கொடுத்துவிடுகிறது.

இந்த மடத்தில் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1556-இல், பள்ளி வந்தது. இன்றும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். வானியலாளர் கெப்ளர் 1586-இல் இங்கே சேர்ந்த மாணவர். 1892 மார்ச்சில், பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஹெர்மன் ஹெஸ்ஸெ என்கிற பதினான்கு வயதுப் பையன் இங்கிருந்து ஓடிப்போய், கடுங்குளிரில் ஓர் இரவை வெட்டவெளியில் கழித்தான். அவனுடைய தாத்தா ஹெர்மன் குண்டர்ட்டும் இதே பள்ளியில் 1827 முதல் 1831 வரை படித்தவர். மலையாளத்துக்கு அகராதி தந்த அதே குண்டர்ட். மலையாளத்துக்குப் போவதற்கு முன் அவர் கற்றது தமிழ். 1836-இல் சென்னையில் வந்து இறங்கியவர், திருநெல்வேலிச் சீமைக்கு வந்து மிஷனரி இரேனியஸ் ஐயரோடு இருந்தார். இரேனியஸ் 1838-இல் இறந்தது பாளையங்கோட்டையில்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மவுல்பிரானில் படித்த ஒருவர் எங்கள் ஊர் வெயிலில் நின்று தமிழ் கேட்டிருக்கிறார். அவரை எதிரே கண்ட எங்கள் ஊர்க்காரர்கள் நிச்சயம் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். எங்கிருந்து வாரீய, கல்யாணம் ஆயிட்டா, அம்மா அப்பா இருக்காவளா என்று கேட்டுத் துளைத்திருப்பார்கள். மொழி அவருக்கு அப்படித்தான் வந்திருக்கும்.

எனக்கு இந்த ஊர் மொழி அப்படி வரவில்லை. வகுப்பில் வந்தது. சரளமாகத்தான் பேசுகிறேன், வரி கட்டுகிறேன், குப்பையைச் சரியாகப் பிரிக்கிறேன், பக்கத்து வீட்டம்மாவின் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஊன்றிவிட்டேன் என்றே சொல்வேன். ஆனாலும் மேட்டில் நாய்க்காரப் பெரியவர் "மோர்கென்" என்று சொல்கிற அந்த நொடியில், மைதானத்தின் கிழக்கு வாசலில் நின்று "எத்தன ரவுண்டு?" என்று கேட்கிற குரலுக்குத்தான் என் காது முதலில் திரும்புகிறது.

நேற்றும் அவரைப் பார்த்தேன். இந்த முறை நான் நின்றேன். நாயின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். அதற்கு வயதாகிவிட்டது, பின்னங்கால் சரியில்லை, மேடு ஏற மாட்டேன் என்கிறது என்றும் சொன்னார். மருந்து கொடுக்கிறீர்களா, இரவில் தூங்குகிறதா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் முதலில் சற்றுத் திகைத்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறதாம். அடுத்து சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தால், அவர் தயிரைப் பார்த்தாலும் சரி, நாய்க்குக் கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கத்தான் போகிறேன்.