காசிமேட்டு உப்புக்காற்றில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்ட அன்றுதான் புதியதில் என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று புரிந்தது. கேபினெட்டின் பின்பக்கத் திருகுகள் துருப்பிடித்து, இரண்டு திருகு கழற்றவே வரவில்லை. மதர்போர்டில் யுஎஸ்பி போர்ட்டுகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினால்தான் ஆன் ஆகும் என்ற நிலையில் நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் தெரியும். உப்புக்காற்று வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்?

கையில் ஒன்றரை லட்சம் சேர்ந்திருந்தது. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் மானிட்டரிலிருந்து ஆரம்பித்தேன். 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள், 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் மாறும்). வழக்கமான 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், இதில் 36.9 லட்சம். கார்டு எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

கார்டில் இரண்டு பெயர்கள் கடைசிவரை நின்றன: ரேடியான் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர். முதலாவதில் 16 ஜிபி மெமரி, இரண்டாவதில் 12. மெமரியை மட்டும் பார்த்தால் முதலாவதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு 263 வாட், இதற்கு 220. கம்ப்யூட்டர் தின்னும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். பத்துக்குப் பத்து அறை, ஏசி கிடையாது, மே மாதக் கத்திரி வெயில். அந்த 43 வாட் எனக்குப் பெரிய விஷயம். 4070 சூப்பரையே எடுத்தேன்.

பிராசஸரிலும் அதே கணக்குதான். ரைசன் 5 7600-க்கு டிடிபி (எவ்வளவு சூட்டுக்குக் கூலர் வேண்டும் என்ற கணக்கு) 65 வாட், 7600எக்ஸுக்கு 105. இரண்டிலும் 6 கோர்தான், கேமில் வித்தியாசம் மிகக் கொஞ்சம். 7600, பி650 மதர்போர்டு, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான சேமிப்பு). இவற்றில் ரொம்ப யோசிக்க ஒன்றும் இல்லை. பிராசஸர் உட்காரும் இடம் ஏஎம்5 சாக்கெட் என்பதால் நாளைக்குக் காசு சேர்ந்தால் 7800எக்ஸ்3டி மாதிரி வேகமான பிராசஸர் ஒன்றை அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. மூன்று சனிக்கிழமை போனேன். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். மானிட்டரை மட்டும் ஆட்டோவில் கொண்டுவந்தேன்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) 750 வாட், கரண்டை வீணாக்காததற்கான 80 பிளஸ் கோல்டு சான்று பெற்றது. பழையதில் பெயரே கேள்விப்படாத எஸ்எம்பிஎஸ் ஒன்று புகைந்து, கூடவே ஹார்டு டிஸ்க்கையும் கொண்டுபோனது. அப்பாவின் பழைய போட்டோக்கள் அதில்தான் இருந்தன. அதனால் இந்த ஒரு பொருளில் நான் பேரமே பேசவில்லை.

பொருள் எல்லாம் வந்தும் உடனே மாட்டவில்லை. பழைய கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும், பழகிப்போன விஷயம். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓட்டை மூணு இருக்கு, ஒயர் ரெண்டுதான் வந்திருக்கு" என்றார். எர்த்தே இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். பேஸ் ஒயரிலிருந்து கேபினெட்டின் உடம்புக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்று. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் உடம்பு 230-இல் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு போகிறது. ஆனால் உள்ளே எங்காவது இன்சுலேஷன் விட்டுப்போனால் நேராக ஷாக்தான். கீழே முற்றத்தில் குழி வெட்டி, ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் உப்பும் கரியும் போட்டு, மாடி வரைக்கும் பச்சை ஒயர் இழுத்தார் அண்ணன். இரண்டு நாள் வேலை. போர்டைத் தின்கிற அதே உப்பு, குழியில் ஈரத்தைப் பிடித்துவைத்து நமக்குக் காவல் நிற்கிறது. கூடவே ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன்: 1000 விஏ, 600 வாட், ப்யூர் சைன் வேவ் (வீட்டு லைன் கரண்ட் போலவே வளைந்த அலை). சதுர அலை தரும் யுபிஎஸ்ஸில் இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் சில நேரம் சட்டென்று அணைந்துவிடும்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை, அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய பில்ட்டர். முன்னால் மூன்று ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது, பில்ட்டர் வழியாகத்தான் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். ரேம் இரண்டும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அம்மா வாசலில் நின்று "என்னடா, வரலையா?" என்கிறார். அணைக்கக் கை போய்விட்டது. டிடிஆர்5 ரேமை முதல்முறை போர்டு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும் என்று மேனுவலில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் தாண்டித் திரை வந்தது.

அப்புறம் இரண்டு வேலை, பலர் மறப்பது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, ஆன் செய்தேன். அதுவரை 6000 வேக ரேம் 4800-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-இல் இருந்த ஹெர்ட்ஸை 165 ஆக்கினேன்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கினேன், 220 வாட் 187 ஆனது. நான் ஆடும் கேமில் நொடிக்கு 96 பிரேம் (படம்) 93 ஆனது, கண்ணுக்குத் தெரியவில்லை. அறை 33 டிகிரி இருந்த மதியம் கார்டு 68-ஐத் தாண்டவில்லை.

நேற்று பில்ட்டரைக் கழற்றினேன். ஆறு வாரத் தூசி, ஊதினால் பறக்கவில்லை, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டியிருக்கிறேன். பின்பக்கத் திருகுகளை டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்லாம் பளபளவென்று அப்படியே இருக்கின்றன. அடுத்த கழுவலுக்கு காலண்டரில் வட்டம் போட்டாயிற்று.