கூச்சப்பட்டு விட்டுப்போகும் வரி

“பெத்த புள்ளகிட்ட கண்டிஷன் போட்டு எழுதச் சொல்றீங்களா தம்பி?”

2014-ல் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருந்த ஒரே வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க வந்திருந்தார். நான் அப்போது ஜூனியர் வழக்கறிஞர். ‘என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் நான் குடியிருப்பதோடு, என் உணவு, மருத்துவச் செலவுகளை மேற்படி மகன் கவனித்துக்கொள்ள வேண்டியது’ என்று வரைவில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வாசித்துக் காட்டியதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஐந்து வருஷம் கழித்து அதே அம்மா, மகள் வீட்டிலிருந்து வருவதாகச் சொல்லி என் எதிரில் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் அவருக்கு இடமில்லாமல் போயிருந்தது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதை மீறினால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம் என்கிறது அதன் 23-வது பிரிவு. தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர் தலைமையில் நடக்கிறது. சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலைய வேண்டாம். ஆனால் ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில்தான் அந்தப் பிரிவின் உயிரே இருக்கிறது. எங்கள் பத்திரத்தில் அது இல்லை. மாதாமாதம் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு கிடைத்தது. அதற்கும் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 10,000 ரூபாய்தான். வீடு திரும்பவில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டிய சட்டம் இது என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும், அன்பின் பேரில் கொடுத்தாலே பராமரிப்பு எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும் என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எழுதுங்கள். பத்திரத்தில் இருக்கும் ஒரு வரிக்கு வாதம் தேவையில்லை.

அந்த அம்மாவிடம் நான் செய்த தவறு சட்டத் தவறு என்பதைவிட ஆளைப் புரிந்துகொள்ளாத தவறு. மகனை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பெரியவர்கள் யார் வந்தாலும், கூட வந்தவர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும், முதல் அரைமணி நேரம் அவர்களோடு தனியாகப் பேசுகிறேன். தனியாக இருக்கும்போது அவர்கள் பேசுவது வேறு பேச்சாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டு மகன்கள். இளையவருக்கு 31 வயது, அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர். ‘எல்லாத்தையும் பெரியவன் பேருக்கு உயில் எழுதிடுங்க. தம்பிய அவன் பாத்துக்குவான்’ என்றார் அப்பா. பெரிய மகனையும் பார்த்தேன். நல்லவர், சந்தேகமே இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: அண்ணன் முதலில் போய்விட்டால்?

அறையில் யாரும் பேசவில்லை. சொத்து அண்ணன் பெயரில் இருந்தால், அவருக்குப் பின் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ‘தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று உயிலில் ஆசையாக மட்டும் எழுதிவைத்த வார்த்தை அங்கே யாரையும் கட்டாது. கெட்டவர்களுக்கு எதிராகத் திட்டமிட எல்லோருக்கும் தோன்றும். நல்லவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று யோசிக்கத்தான் மனம் வருவதில்லை.

கடைசியில் இளையவரின் பங்கை 1882-ம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொண்டுவந்தோம். சொத்தை அவருக்காக நிர்வகிக்கும் அறங்காவலர்கள் இருவர், ஒருவர் இல்லாமல் போனால் அடுத்து யார் என்பதும் பத்திரத்திலேயே இருக்கிறது. பணத்தைக் கையில் வைத்திருப்பவரும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். அப்பாவின் ஓய்வூதிய ஆணையிலும் இளையவர் பெயரை இப்போதே சேர்க்க விண்ணப்பிக்கச் சொன்னேன். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் போன பிறகு சான்றிதழ் தேடி அலைவதைவிட, அவர்கள் இருக்கும்போதே பதிந்துவிடுவது எவ்வளவோ மேல்.

அவர்களை உலுக்கியது இன்னொன்று. 18 வயது முடிந்த நாளிலிருந்து சட்டப்படி அவர்கள் தங்கள் மகனின் காப்பாளர்கள் (கார்டியன்) இல்லை. 13 வருஷமாக மகனுக்காகப் போட்ட கையெழுத்துகளுக்குப் பின்னால் எந்த ஆணையும் இல்லை. “நாங்கதானே பெத்தவங்க, எங்களுக்கே சர்டிபிகேட்டா?” என்று அம்மா கலங்கினார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுதான் காப்பாளரை நியமிக்கிறது. நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தன் பொறுப்பில் இருப்பவரின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ, உறவினர் மனுக் கொடுத்து அவரை நீக்கவும் வழியிருக்கிறது. இதை விளக்கிய பிறகுதான் அம்மா கொஞ்சம் நிதானமானார். தனக்குப் பிறகும் கேள்வி கேட்க ஆள் இருக்கும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

பத்திர வேலையெல்லாம் முடியும் தறுவாயில் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். மகனைப் பற்றி அம்மாவுக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் எழுதச் சொன்னேன். சட்டத்தில் இதற்கு இடமில்லை, எந்த அலுவலகமும் கேட்காது. ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது.

மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். மாத்திரைகளின் பெயர், நேரம் முதல் பக்கத்தில். அதற்குப் பிறகு: ‘இடி இடித்தால் காதைப் பொத்துவான். கையைப் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.’ ‘பல் வலித்தால் சொல்லத் தெரியாது, இடது பக்கம் சாய்ந்து படுப்பான்.’ ‘முடி வெட்டும்போது கண்ணாடி எதிரில் இருக்கக் கூடாது.’ இப்படி 40 பக்கம். சில இடங்களில் அடித்து, திருத்தி, ஓரத்தில் அம்புக்குறி போட்டிருந்தார்.

பெரிய மகன் என் மேஜையில் உட்கார்ந்தே அதைப் படித்தார். பல்வலிப் பக்கத்தில் நின்றுவிட்டார். “இது எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

நகல் எடுத்து, மூலத்தைக் கோப்பில் வைக்கப் போனேன். அம்மா கையை நீட்டினார்.

“நோட்ட குடுங்க தம்பி. பஸ்ல ஜன்னல் சீட்டு வேணும்னு அழுவான், அத எழுதல.”