காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பில் இல்லாதவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சேர்வராயன் மலையடிவாரத்து ஊராட்சிகளில் குடிநீர் பற்றிய அறிவிப்பு ஒன்று தவறாமல் வந்துவிடும். ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் வந்தாலும், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டாலும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தாலும் அதன் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: பொதுமக்கள் குடிநீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிப் பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எங்கள் ஊரில் சென்ற மழைக்கு ஒட்டிய தாள் பாதி கிழிந்த நிலையில் இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் தேதி இல்லை. எந்தத் தொட்டியின் நீர் என்று இல்லை. நீரில் என்ன கண்டறியப்பட்டது என்பதும், எதுவரை காய்ச்ச வேண்டும் என்பதும் இல்லை. முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

எந்த நீர் என்று சொல்லாததே முதல் குறை. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் இரண்டு தண்ணீர் வருகிறது. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியாக வரும் காவிரி நீரை நல்ல தண்ணீர் என்போம். ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி விடப்படுவதை உப்புத் தண்ணீர் என்போம். காவிரி நீர் குறையும் நாட்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து விடுவதும் உண்டு. அன்று குடத்தில் பிடித்தது எது என்பது தொட்டி இயக்குபவருக்கு மட்டுமே தெரியும். ‘குடிநீர்’ என்று பொதுவாக எழுதப்பட்ட அறிவிப்பைப் படிப்பவர், தமக்கு வருவது காவிரி நீர்தானே என்று விட்டுவிடவும் இடமிருக்கிறது, இரண்டையும் சேர்த்து அஞ்சவும் இடமிருக்கிறது.

காய்ச்சச் சொல்வது தவறே இல்லை, கிருமிகளைப் பொறுத்தவரை. நீர் தளதளவென்று கொதித்துவிட்டால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவற்றைப் பரப்பும் கிருமிகள் அழிந்துவிடும். மலைமேல் இருப்பவர்களுக்கு இதிலே ஓர் ஐயம் எழுவதுண்டு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 100 பாகை செல்சியசுக்கு வருவதற்கு முன்பே, சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அந்த வெப்பமும் போதுமானதுதான். கொதி வந்தவுடன் அடுப்பை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடங்கள் விட்டால் ஐயத்துக்கே இடமில்லை. காய்ச்சிய நீரை மூடி வைக்காமல், கைவிட்டு மொண்டு குடித்தால் பட்ட பாடு வீண் என்பதை அறிவிப்பு எழுதுபவர்கள் சொல்வதில்லை. வடிகட்டுவதைக் காய்ச்சுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. ஆறிய நீரைச் சமையலறைத் துணியில் வடிகட்டினால் துணியிலுள்ள அழுக்கு நீரில் சேர்வதுதான் மிச்சம்.

ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இதே வாசகத்தை ஒட்டும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. என் சின்னம்மா பேரக் குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்: “நான் நல்லா சுண்டக் காய்ச்சித்தான் சாமி குடுக்கறேன்.” அவர் வீட்டுக்கு வருவது உப்புத் தண்ணீர். சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும், அடுத்துள்ள தருமபுரி மாவட்டத்தில் பரவலாகவும், பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதியில் ஆவியாகிப் போகிறவை அல்ல. ஒரு லிட்டர் நீர் அரை லிட்டராகச் சுண்டினால் நீர்தான் பாதியாகும். அதிலுள்ள ஃபுளோரைடு அப்படியே தங்கி, செறிவு இரண்டு மடங்காகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள நீரைச் சுண்டக் காய்ச்சி 2 ஆக்கிக் குழந்தைக்குக் கொடுப்பது அக்கறையின் பெயரால் நடக்கிறது என்பதுதான் வேதனை. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரையிலான காலத்தில் குடிக்கும் நீர்தான், பின்னாளில் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரிகிறது. தேய்த்துப் போக்கிவிடக்கூடிய கறையல்ல அது. நைட்ரேட்டுக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். தோட்டத்து உரமும், கிணற்றுக்கு அருகில் தோண்டிய கழிப்பறைக் குழியும் சேர்ந்து அதை உயர்த்திவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்த நீரைப் பயன்படுத்தினால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயக்கூடும். ஆகவே இத்தகைய நீருக்கான அறிவிப்பில் இருக்க வேண்டிய வாசகம் ‘காய்ச்ச வேண்டாம்; குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையோ ஆர்.ஓ. நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள், குளிக்கவும் துணி துவைக்கவும் இதுவே போதும்’ என்பதுதான். மலையிலே காப்பிப் பழம் தோல் நீக்கும் பருவத்தில், மேட்டுத் தோட்டத்துக் கழிவு கலந்து ஓடை நீர் நாற்றமெடுத்தால் அதற்கும் இதே நியாயம் பொருந்தும்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1974இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 15 இணைப்புகளோ அன்றாடம் 25 பேரோ உள்ள ஒரு சிற்றூர்க் குடிநீர் அமைப்புகூட, நீரில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) கண்டறியப்பட்டாலோ நைட்ரேட் எல்லை மீறினாலோ 24 மணி நேரத்துக்குள் தன் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, யாருக்கு ஆபத்து, மாற்று நீர் வேண்டுமா, சரிசெய்ய என்ன நடக்கிறது, எப்போது சீராகும், யாரைக் கேட்கலாம் என அறிவிப்பில் இருக்க வேண்டிய பத்துக் கூறுகள் விதியிலேயே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே அறிவிப்பு விடுவதற்கான ஒரு காரணத்தை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. குழாயில் அழுத்தம் இறங்கிவிட்டாலே, நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அங்கே எச்சரிப்பது வழக்கம். அழுத்தம் இல்லாத குழாய், இணைப்பிலோ விரிசலிலோ வெளியில் தேங்கியிருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த ஏற்பாடு. நமக்கு நீர் வருவதே முறை வைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள், ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. பல தெருக்களில் அது சாக்கடையை ஒட்டியே ஓடுகிறது. அழுத்தத்தை அளவுகோலாக வைத்தால் ஆண்டு முழுவதும் அறிவிப்பு தொங்கிக்கொண்டேயிருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நமக்குப் பொருந்தும் அளவுகோல் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் இருக்கிறது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரமாவது விட்டுப் பின் திறந்துவிட்ட நீரில், கடைக்கோடியிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பரிசோதனை எளியது: சிறு கண்ணாடிக் குழாயில் கோடு வரை நீர் பிடித்து, பெட்டியிலுள்ள கரைசலில் சில சொட்டுகள் விட்டால் நீர் மஞ்சளாகும், அதை வண்ண அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் தொட்டிக்கு அருகிலுள்ள முதல் குழாயில் எலுமிச்சை நிறத்தில் மஞ்சள் வந்தது. கடைசித் தெருவில் பிடித்த நீர், சொட்டு விட்ட பிறகும் நிறமே மாறாமல் நின்றது. வரும் வழியில் குளோரினை ஏதோ தின்றுவிட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். கசிவாகவும் இருக்கலாம், குழாயில் படிந்த பழைய அழுக்காகவும் இருக்கலாம். வாயைக் கட்டாமல் வைத்த மூட்டையிலிருந்து எடுத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருந்தால் முதல் குழாயிலேயே மஞ்சள் வராது. அறிவிப்பு அந்தத் தெருவுக்கு, அன்றைக்கே போக வேண்டும்.

தொட்டி இயக்குபவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. “கடைசித் தெருவுக்கு மட்டும் சொன்னா, எங்களுக்கு மட்டும் கெட்ட தண்ணியான்னு சண்டைக்கு வருவாங்களே சார்?” வரத்தான் செய்வார்கள். ஊர் முழுமைக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கையை விட்டுவிட்டால் அந்தச் சண்டையும் இல்லை, உடைந்த குழாயைத் தேடும் வேலையும் இல்லை. பொத்தாம்பொதுவான வாசகம் நிலைத்துவிட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

எச்சரிக்கை முடிந்தது என்று சொல்லும் அறிவிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. பாக்டீரியா இருப்பதைக் காட்டும் புட்டிச் சோதனையில் நீர் கறுக்கிறதா என்று பார்க்கவே ஒன்று முதல் இரண்டு நாட்கள் ஆகும். அதன் பிறகுதான் ‘இனிக் காய்ச்ச வேண்டியதில்லை’ என்று யாராவது கையெழுத்திட முடியும். அந்தக் கையெழுத்து யாருடையது என்பது தீராதவரை பழைய தாள் சுவரிலேயே இருக்கும், சிலிண்டர் விலைக்கு அஞ்சும் வீடுகள் தாமாகவே காய்ச்சுவதை நிறுத்திக்கொள்ளும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பேர், பெரும்பாலும் பெண்கள், பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. அவர்களில் ஒருவரும் தொட்டி இயக்குபவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்பது என் கருத்து.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் கிராம சபையில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். தொட்டி கழுவிய தேதியைத் தூணில் எழுதுவதுபோல, கடைசிக் குழாயில் குளோரின் பார்த்த தேதியையும் அளவையும் அதன் கீழே எழுத வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட் முடிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை எழுத வேண்டும். எச்சரிக்கை விட்டால் தெருவின் பெயரோடு விட வேண்டும், நீக்கினால் தேதியோடு நீக்க வேண்டும். தொட்டி இயக்குபவர் படித்துப் பார்த்துவிட்டு, பெயிண்ட் செலவு யார் கணக்கில் என்பதையும் மனுவிலேயே சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்திருக்கிறேன்.